இடது கை தூக்கியவனுக்கு

அன்பு மகனுக்கு,

இவ்விடம் யாவரும் சுகம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்பார்கள். உன் அம்மா சுகம். போன வாரம் கன்று போட்ட பசுவும் சுகம். என்னைப் பற்றி அப்படிச் சட்டென்று எழுதிவிட முடியவில்லை. உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. பதில் எழுத எத்தனையோ முறை உட்கார்ந்தேன், அத்தனை முறையும் எழுந்து போய்விட்டேன். நேற்று கடைசி மணி அடித்தது கூடக் காதில் விழாமல் பாடம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன். பிள்ளைகள்தான் வீட்டுக்குப் போகட்டுமா என்று கேட்டார்கள். நீ கேட்டிருப்பது சின்ன விஷயம்தான், எனக்குத் தெரிகிறது. இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை உன் வகுப்புக்கு இன்ஸ்பெக்ஷன் வருகிறது. ஆறாம் வகுப்புக்கு இங்கிலீஷ் இலக்கணத்தில் நவுன் பாடம் நடத்திக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். புரொபேஷன் முடிந்து வேலை நிலைக்குமா நிலைக்காதா என்பது அந்த ஒரு பாடத்தில் இருக்கிறது. அதனால் நான் அந்தக் காலத்தில் செய்த கை ஏற்பாட்டை, எந்தப் பிள்ளைக்கு எந்த நவுனைக் கொடுத்தேன், எத்தனை நாள் பழக்கினேன் என்பதையெல்லாம் விவரமாக எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறாய். 'உங்களுக்கு அன்றைக்குப் பலித்தது, எனக்கும் பலிக்கும்' என்று கடைசி வரி. அதை நீ மனசார எழுதினாயா, குத்திக்காட்ட எழுதினாயா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

உன் அம்மாவுக்கு என் அவஸ்தை வேடிக்கையாக இருக்கிறது. "புள்ள ஒரு ஒத்தாச கேட்டுக்கீறான். எயுதிப் போட வேண்டியதுதானே? இன்னாத்துக்கு இப்டி வூட்டையே சுத்திக்கினு கீறே?" என்றாள். நான் பயப்படுவதற்குக் காரணம் எதுவும் தேவையில்லை என்பது அவளுக்கும் தெரியும், உனக்கும் தெரியும். ரயில் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஸ்டேஷனில் போய் நின்று, சட்டைப் பையில் டிக்கெட் இருக்கிறதா என்று பத்து முறை தொட்டுப் பார்க்கிறவன் நான். நீ திருப்பதிக்குக் கிளம்பிய அன்று பஸ் நகர்கிறவரைக்கும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு பெட்டியைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொள், கூட்டத்தில் யாரிடமும் பேச்சுக் கொடுக்காதே, தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று சொல்லிக்கொண்டே கூட நடந்தேன். நீ தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாய். அங்கே தண்ணீர் ஒத்துக்கொண்டதா, அறையில் கூட இருக்கிறவர் எப்படிப்பட்டவர், ஓட்டல் சாப்பாட்டின் காரம் வயிற்றைக் கெடுக்கவில்லையே, தெலுங்கில் பாடம் நடத்தும்போது நாக்குப் புரளுகிறதா என்று கேட்க இன்னும் நூறு கேள்வி இருக்கிறது. அதெல்லாம் நான் பழகிப்போன பயம். உன் கடிதத்தைப் பார்த்ததும் வந்தது வேறு மாதிரிப் பயம். அதைச் சொல்ல வேண்டுமானால் உனக்குத் தெரிந்த கதையையே முதலிலிருந்து சொல்லவேண்டும். நீ அதை மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து பார்த்தாய், நான் கரும்பலகைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதனால் பொறுத்துக்கொண்டு படி.

ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்தபோது சித்தூர் ஜில்லா மொத்தமும் அந்தப் பக்கம் போயிற்று. நகரியில் நாம் இருந்த வீடு அதே வீடு, பள்ளிக்கூடம் அதே பள்ளிக்கூடம். ஆனால் சர்க்கார் வேறு. நகரி திரும்பவும் மதராஸோடு சேர்ந்துவிடும் என்று ஒரு நாள் சொல்வார்கள், சேராது என்று மறுநாள் சொல்வார்கள். தறி ஓட்டுகிறவர்களுக்கு அதனால் பெரிய தொந்தரவு இல்லை, நூல் வந்தால் போதும். எனக்கு அப்படியில்லை. எனக்குத் தெரிந்தது சந்தைத் தெலுங்கு. கத்தரிக்காய் வாங்கலாம், கணக்குப் பாடம் நடத்த முடியாது. எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூட வராது. மதராஸ் சர்க்கார் கொடுத்த வேலையை இந்தச் சர்க்கார் வைத்துக்கொள்ளுமா என்று யாரைக் கேட்பது? அந்த நேரத்தில்தான் சித்தூரிலிருந்து புது டிப்டி இன்ஸ்பெக்டர் வரப்போகிறார், தமிழ் வாத்தியார்களைக் கழித்துக்கட்டுவதற்கென்றே அவரை அனுப்புகிறார்கள் என்று ஒரு புரளி கிளம்பியது. கிளப்பியவர் யார் என்று தெரியாது. பரப்பியதில் எனக்குப் பெரிய பங்கு உண்டு.

நான் ஒழுங்காக நடத்தக்கூடிய பாடம் இங்கிலீஷ் ஒன்றுதான். அதில் என்னைத் தெலுங்கு தெரியாதவன் என்று யாரும் சொல்ல முடியாது. அதிலும் நவுன் பாடம். ஓர் ஆளுக்கோ ஊருக்கோ உரிய பெயர் ப்ராப்பர் நவுன். அந்த இனத்துக்கே பொதுவான பெயர் காமன் நவுன். பலரை ஒன்றாகச் சேர்த்துச் சொன்னால் கலெக்டிவ் நவுன். பொன், பஞ்சு மாதிரி ஒரு சாமான் எதனால் ஆனதோ அது மெட்டீரியல் நவுன். கண்ணுக்கும் கைக்கும் அகப்படாதது ஆப்ஸ்ட்ராக்ட் நவுன். ஐந்தே வகை. இதில் தப்பு நடக்க வழியே இல்லை என்று நினைத்தேன். உதாரணம் சொல்வதில்தான் சிக்கல் வந்தது. அதுவரை ப்ராப்பர் நவுனுக்கு நான் 'மதராஸ்' என்று எழுதுவது வழக்கம். இனி அதை எழுதினால் இவன் அந்தக் கட்சி என்பார்கள். 'சித்தூர்' என்று எழுதினால் நம் ஊர்க்காரர்களே முறைப்பார்கள். யோசித்து யோசித்து, தேம்ஸ் நதி என்று எழுதினேன். தேம்ஸ் நதி எந்த ராஜ்யத்தில் ஓடவேண்டும் என்று நகரியில் யாருக்கும் தகராறு கிடையாது. அப்புறம் லண்டன், அசோகர். கலெக்டிவ் நவுனுக்குக் கப்பல் கூட்டம். அதற்கு 'ஃப்ளீட்' என்று பெயர் என்பதை நானே புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுதினேன். கடலையே பார்க்காத பிள்ளைகள், பாவம், ஃப்ளீட் ஃப்ளீட் என்று உருப்போட்டார்கள்.

அப்போதுதான் நீ எழுந்தாய். பன்னிரண்டு வயது உனக்கு. வகுப்பில் என்னைச் சார் என்று கூப்பிட வேண்டும், வீட்டில் நைனா. அது நாம் வைத்துக்கொண்ட சட்டம். அன்றைக்கு உனக்கு இரண்டும் கலந்து வந்தது. "நைனா... சார், தேம்ஸ் ஆறுன்றீங்களே, அது எங்க கீது? நம்ம ஊரு ஆத்துக்கு இன்னா, பேரு இல்லியா?" என்று கேட்டாய். வகுப்பே சிரித்தது. நகரி ஆறு, ப்ராப்பர் நவுன். எவ்வளவு சரியான கேள்வி! கிட்டே வந்து முதுகில் தட்டிக் கொடுத்திருக்க வேண்டும். நான் செய்தது உனக்கு நினைவிருக்கும். "புஸ்தகத்துல இன்னா போட்டுக்குதோ அத்தப் படி" என்று சத்தம் போட்டு உட்கார வைத்தேன். இந்தப் பையன் இன்ஸ்பெக்டர் முன்னால் எழுந்து இப்படி ஏதாவது கேட்டு வைத்தால் என்ன ஆவது என்பதுதான் எனக்கு அந்த நிமிஷத்தில் தோன்றியது. அது தவிர வேறு எதுவும் தோன்றவில்லை.

கை ஏற்பாடு நான் கண்டுபிடித்ததில்லை. என்னோடு டிரெயினிங் படித்தவர்களில் பாதிப்பேர் அதைச் செய்தார்கள். இன்ஸ்பெக்டர் கேள்வி கேட்டதும் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் கை தூக்கவேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. பார்க்கிறவருக்கு வகுப்பு முழுவதும் பதில் சொல்லத் துடிக்கிற மாதிரி இருக்கும், வாத்தியார் வலது கையாகப் பார்த்து எழுப்புவார். எனக்கு அதிலும் நம்பிக்கை போதவில்லை. அதனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நவுனைப் பிரித்துக் கொடுத்து, அவரவர் நவுன் வரும்போது மட்டும் வலது கை தூக்கினால் போதும் என்று ஒரு மாதம் பழக்கினேன். கோவிந்தம்மாவுக்குக் கோல்டு. முனுசாமிக்கு ஆர்மி. பச்சையப்பனுக்கு ஃப்ளீட். இன்றைக்கும் தறிக்காரத் தெருவில் முனுசாமியை ஆர்மி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவனும் திரும்பிப் பார்க்கிறான். உனக்கு நான் எந்த நவுனும் கொடுக்கவில்லை. "நீ எப்பவும் இடது கை" என்றேன். "எனக்கு அஞ்சும் தெரியும் நைனா" என்றாய். "தெரிஞ்சா இன்னா? சொன்னதைச் செய்" என்றேன். அதே வாரம் நம் வீட்டுக்குப் பின்னால் நீ ஃப்ளீட் என்பதைப் பச்சையப்பன் வாயில் நுழைய வைக்கப் படாத பாடு படுவதைப் பார்த்தேன். முறத்தில் புளியங்கொட்டையைப் பரப்பி, இது ஒவ்வொன்றும் ஒரு கப்பல், எல்லாம் சேர்ந்தால் ஃப்ளீட் என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாய். எனக்குத் தெரியாத வித்தை அது. பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

இன்ஸ்பெக்ஷன் அன்று விடிவதற்கு முன்னாலேயே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். கரும்பலகைக்குக் கோவை இலையும் கரியும் அரைத்துப் பூசியாயிற்று. பிள்ளைகள் எண்ணெய் வழிய வாரிக்கொண்டு வந்திருந்தார்கள். ஆஜர் எடுக்கும்போதுதான் பச்சையப்பன் காய்ச்சலில் படுத்திருக்கிறான் என்று தெரிந்தது. ஒரு நவுன் போனால் போகட்டும், அதை அவர் கேட்கவா போகிறார் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். டிப்டி இன்ஸ்பெக்டர் நான் நினைத்த மாதிரி ராட்சதர் இல்லை. ஒல்லியான மனிதர், கதர் ஜிப்பா, மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பக்கம் நூல் கட்டியிருந்தார். பாடம் நன்றாகத்தான் போயிற்று. கோல்டு வந்தது, ஆர்மி வந்தது. அவர் தலையசைத்துக்கொண்டே வந்து, கலெக்டிவ் நவுனுக்கு இன்னும் ஓர் உதாரணம் என்று இங்கிலீஷில் கேட்டார். அவ்வளவுதான், முப்பத்தைந்து பிள்ளைகளும் ஒரே சமயத்தில் பச்சையப்பன் உட்காரும் காலி இடத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் சிரித்துவிட்டார். அவரும் ஒரு காலத்தில் வாத்தியாராக இருந்தவர்தானே, இந்தக் கை வித்தை தெரியாதா? நூல் கட்டிய கண்ணாடிக்கு மேலாக வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தார். கைகள் எல்லாம் மேலே இருந்தன, எல்லாம் இடது கை. மூன்றாம் வரிசையில் உன்னைக் காட்டி, "நுவ்வு செப்பு" என்றார், நீ சொல் என்று. உனக்குத் தெரியும். ஃப்ளீட் தெரியும், அதைவிட நல்லதாகப் பத்துச் சொல்லவும் தெரியும். நீ எழுந்து நின்றாய், வாயைத் திறந்தாய், என்னைப் பார்த்தாய். நான் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். அது அவருக்குத் தெரியாது, உனக்குத் தெரிந்தது. நீ பதில் சொன்னால், இடது கை தூக்கியவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார், நவுனைப் பிரித்துக் கொடுத்த குட்டும் வெளிப்பட்டுவிடும் என்று அந்த ஒரு நொடிக்குள் கணக்குப் போட்டிருந்தேன். "தெரியாது சார்" என்றாய். இது வரைக்குமாவது என்னை நான் மன்னித்துக்கொள்ள முடியும். வேலைக்குப் பயந்தவன் செய்கிற காரியம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அதற்கப்புறம் அவர் என் பக்கம் திரும்பி, கோபமே இல்லாமல், விசாரிக்கிற மாதிரிதான் கேட்டார். "ஈ பில்லவாடு எவரு?" இந்தப் பையன் யார் என்று. என் மகன் என்று சொல்ல எத்தனை சொல் வேண்டும்? தெலுங்கிலேயே இரண்டு சொல் போதும், அது எனக்குத் தெரியும். சொன்னால், வாத்தியார் மகனுக்கே தெரியவில்லையா என்பார். அந்த வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். "கொத்தகா சேராடண்டி" என்றேன். புதிதாகச் சேர்ந்தவன் என்று. என் வாழ்நாளில் நான் தடுமாறாமல் பேசிய முதல் தெலுங்கு வாக்கியம் அதுதான். உனக்குத் தெலுங்கு என்னைவிட நன்றாகப் புரியும். பையன்களோடு விளையாடிப் பழகியது. நீ தூக்கிய கையை இறக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் நின்றாய். அப்புறம் உட்கார்ந்தாய். பதிவேட்டை அவர் புரட்டியிருந்தால் தகப்பன் பெயர் என்ற இடத்தில் என் பெயரைப் பார்த்திருப்பார். புரட்டவில்லை. போகும்போது குறிப்பேட்டில், பாடம் திருப்தி, புதிதாகச் சேர்ந்த மாணவர்களுக்குத் தனிக் கவனம் தேவை என்று எழுதிவிட்டுப் போனார். ஹெட்மாஸ்டர் அதைச் சத்தமாகப் படித்துவிட்டு என் தோளில் தட்டினார். என் வேலை நிலைத்தது. இதைத்தான் நீ பலித்தது என்று எழுதியிருக்கிறாய்.

அன்று சாயங்காலம் நீ என் சைக்கிள் கேரியரில் ஏறவில்லை. நடந்து வந்தாய். வீட்டில், "சார், அம்மா சாப்புட கூப்புடுது" என்றாய். உன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "வூட்டுலகூடவாடா சாரு?" என்று கேட்டாள். நான் அதட்டாமல் விட்டேன், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அது இரண்டு நாளில் சரியாகவில்லை, இரண்டு வருஷத்திலும் சரியாகவில்லை. நீ மரியாதையான பிள்ளை என்று அக்கம்பக்கத்தில் பெயர் வாங்கிவிட்டாய். கேள்வி கேட்பதையும் விட்டுவிட்டாய். எதைச் சொன்னாலும் "சரி சார்". எஸ்எஸ்எல்சிக்கு அப்புறம் டிரெயினிங்தான் என்றேன், சரி சார். தெலுங்கு மீடியத்தில் சேர் என்றேன், சரி சார். இதற்கு நடுவில் எல்லைத் தகராறு இழுத்து இழுத்து, ஒருவழியாகத் திருத்தணி மதராஸ் பக்கம் போய் நகரி ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. நானும் நாற்பது வயதுக்கு மேல் தெலுங்கு எழுதப் படிக்கக் கற்றுப் பரீட்சையும் கொடுத்துவிட்டேன். எந்த வேலை போய்விடும் என்று நடுங்கினேனோ அந்த வேலையிலிருந்து ஒரு தமிழ் வாத்தியாரையும் யாரும் அனுப்பவில்லை. அந்தப் புரளி வெறும் புரளி. நான் உன்னைத் தெரியாது என்று சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவசியம் இருந்திருந்தால் சொல்லியிருக்கலாமா என்று கேட்காதே. கேள், நீ கேட்டால் நல்லதுதான்.

இத்தனை வருஷம் கழித்து வந்த உன் கடிதம் 'நைனாவுக்கு' என்று ஆரம்பித்திருந்தது. தபால்காரர் கொடுத்ததும் அங்கேயே வெயிலில் நின்று அந்த ஒரு சொல்லை எத்தனை தரம் படித்தேன் என்று தெரியாது. அப்புறம்தான் மேலே படித்தேன், நீ கேட்டது அந்தக் கை ஏற்பாட்டை. உனக்கு ஒரு காரியம் ஆகவேண்டியிருந்ததால் அப்படிக் கூப்பிட்டாயோ, அங்கே தனியாக இருப்பதில் மனசு இளகிக் கூப்பிட்டாயோ தெரியாது. எப்படியிருந்தாலும் எனக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொண்டு நீ கேட்டதை மறுக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் இந்த நாலு நாள் அவஸ்தை. நான் அதை எழுதி அனுப்பப்போவதில்லை. மறந்துவிட்டது என்று பொய் சொல்லலாம் என்றுகூடப் பார்த்தேன். கோவிந்தம்மா முதல் பச்சையப்பன் வரைக்கும் அத்தனையும் அப்படியே நினைவிருக்கிறது. அனுப்பினால் உன் வகுப்பிலும் ஒரு மூன்றாம் வரிசை இருக்கும். அங்கே தெரிந்தும் இடது கை தூக்குகிற ஒரு பிள்ளை இருக்கும். அது யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் என்ன?

அதற்குப் பதிலாக எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், உன் இஷ்டம்போல எடுத்துக்கொள். திருப்பதியில் ஒரு வகுப்பில் போய் வெங்கடேசு என்று கூப்பிட்டால் குறைந்தது நாலு பேர் எழுந்து நிற்பார்கள். கூப்பிடு. நிற்கட்டும். பிள்ளைகள் சிரிப்பார்கள். ப்ராப்பர் நவுனை அந்தச் சிரிப்பிலிருந்து ஆரம்பி, நாலு பேருக்கும் பெயர் ஒன்றானாலும் ஒவ்வொருத்தனையும் தனியாகக் குறிக்க அவன் வீட்டில் வைத்த பெயர் அது என்று சொல். அந்த நாலு பேரும் பையன்கள்தானே, அது காமன் நவுன். கலெக்டிவ் நவுனுக்குக் கப்பல் கூட்டம் வேண்டாம், மலைப்படி ஏறுகிற ஜனத்தைத் தினம் பார்க்கிற பிள்ளைகள் அவர்கள், கிரவுட் என்ற சொல்லை ஒரு தரம் சொன்னால் பிடித்துக்கொள்வார்கள். மெட்டீரியல் நவுன் கேட்கும்போது பித்தளை, கற்பூரம் என்று வரும். நாவிதர் வீட்டுப் பிள்ளை யாராவது இருந்தால் முடி என்று சொல்லும். மற்ற பிள்ளைகள் கேலி செய்வதற்குள் சரி என்று சொல்லிக் கரும்பலகையில் எழுதிவிடு. ஆப்ஸ்ட்ராக்ட் நவுன்தான் கஷ்டம். நான் எப்போதும் ஹானஸ்டி என்று எழுதி வைப்பேன், அதை எழுதுவதற்கு எனக்குக் கூச்சமே இருந்ததில்லை. நீ பசியிலிருந்து ஆரம்பித்துப் பார். பசியைத் தொட முடியாது என்று சொன்னால் அந்தப் பிள்ளைகள் வயிற்றைத் தொட்டுக் காட்டுவார்கள். சண்டை போடுவார்கள். போடட்டும், அந்தச் சண்டையில்தான் அவர்களுக்குப் புரியும். புளியங்கொட்டையை வைத்து நீ சொல்லிக் கொடுத்ததைப் பார்த்தவன் நான். உனக்கு நான் இதையெல்லாம் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருக்கும்போது, தெரியாது என்று சொல்லப்போகிற பிள்ளை ஒன்றையாவது எழுப்பிக் கேள். அது தப்பாகச் சொல்லட்டும். அவசரப்படாமல் கூடவே நின்று அதைச் சரியான இடத்துக்குக் கொண்டு வா. இதை எழுதி, அடித்து, திரும்பவும் எழுதியிருக்கிறேன். வருகிறவர் நல்லவரோ கடுகடுப்பானவரோ, பிள்ளைகளுக்குப் பாடமே தெரியவில்லை என்று எழுதிவிட்டுப் போய்விட்டால்? புரொபேஷனை நீட்டிவிட்டால்? வேலையே போய்விட்டால்? போகாது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. போனால் வீட்டுக்கு வா. உன் அம்மா ஒரு வார்த்தை சொல்லமாட்டாள், நான் ஆயிரம் வார்த்தை புலம்புவேன், ஆனால் உன்மேல் கோபப்படமாட்டேன். இந்த அறிவுரையைக் கொடுத்து உன் பிழைப்பைக் கெடுக்கிறேனோ என்று நேற்றெல்லாம் யோசித்தேன். இப்போதும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இன்று காலையில் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இத்தனை நாள் அவளுக்குத் தெரியாது, நீயும் சொல்லவில்லை. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. "அதான் அவன் சாரு சாருன்னு கூப்டுக்கினு இருந்தானா? நான் சிரிச்சிக்கினு இருந்தேனே!" என்றாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனவள் திரும்பி வந்து, "எயுதறது கிடக்கட்டும். நேர்ல போ. பஸ்ஸு கவுந்துடும், மய வந்துடும்னு இங்க குந்திக்கினு இருக்காத" என்றாள்.

அதனால் வருகிறேன். ஹெட்மாஸ்டரிடம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை முதல் பஸ், புத்தூர் வழி. உன் பாடம் ஆரம்பிப்பதற்கு ரொம்ப முன்னாலேயே வந்துவிடுவேன், என்னைப் பற்றி உனக்குத் தெரியாதா? வகுப்புக்குள் என்னைக் கூப்பிட வேண்டாம். வெளியே எங்காவது மரத்தடியில் நின்றுகொள்கிறேன், நீ பாடத்தைப் பார். உன் பள்ளிக்கூடத்தில் யாராவது என்னைக் காட்டி, இவர் யார் என்று உன்னைக் கேட்டால், அந்த நேரத்தில் உனக்கு என்ன சொல்லத் தோன்றுகிறதோ அதைச் சொல். தெரியாது என்று சொன்னாலும் நான் குறையாக நினைக்கமாட்டேன், சத்தியமாக. நான் மட்டும் யாரும் கேட்கிறவரைக்கும் காத்திருக்கப்போவதில்லை. பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்காருகிறவரிடமே, திருப்பதியில் வாத்தியாராக இருக்கிற என் மகனைப் பார்க்கப் போகிறேன் என்று தமிழில் ஒரு தரமும், அவருக்குத் தமிழ் புரியாவிட்டால் தெலுங்கில் ஒரு தரமும் சொல்லிவிடுவேன்.